தூள் விழாத விஜயதசமி

ஒரு காலத்தில் பஸ் கரியில் ஓடியது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். ஓடியது. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்த புதிது. பெட்ரோல் ரேஷனில் கிடைத்தது, அதாவது கிடைக்கவில்லை. அதனால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பாய்லரைக் கட்டிவிட்டிருந்தார்கள். கிளீனர் அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, ஒரு காற்றாடியைக் கையால் சுற்று சுற்றென்று சுற்றுவார். பாய்லரில் உண்டாகும் புகையைக் குடித்துக்கொண்டு பஸ் கிளம்பும். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ளினால் மறுபடியும் கிளம்பும். தள்ளுவதும் டிக்கெட்டில் சேர்த்தி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கரியில் ஒரு பங்கு திருக்கோகர்ணத்தில் இருந்த எங்கள் கிடங்கிலிருந்து போயிற்று. அப்பா கரி வியாபாரி. கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரித்த கரி வண்டி வண்டியாக வந்து இறங்கும். வருகிற கரி ஒரே அளவில் இருக்காது. தலையணை பெரிதில் ஒன்று கிடக்கும், கடுகு பெரிதில் ஒன்று கிடக்கும். ஆனால் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு அளவு வேண்டும். கொல்லுப்பட்டறைக்குப் பெரிய கட்டி, டீக்கடைக்கு எலுமிச்சம்பழ அளவு, பஸ்ஸுக்கு நெல்லிக்காய் அளவு.

“பெரிசாப் போட்டா நடுவுல சந்து விழுந்து நெருப்பு அணைஞ்சுபோகும். தூளாப் போட்டா அடைச்சுக்கிட்டு வண்டிக்கு மூச்சு முட்டும். நெல்லிக்காய்தான் அதுக்குச் சோறு” என்பார், எங்களிடம் கரி எடுக்கும் டிரைவர் பாய். பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் கைக்குழந்தையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

தூள் யாருக்கும் வேண்டாம். சாணியோடு பிசைந்து உருட்டி எங்கள் வீட்டு அடுப்பில்தான் எரித்தோம். மீதியில் பல் விளக்கினோம். அப்படியும் தீராமல் கிடங்கின் மூலையில் மலையாகக் குவிந்து கிடந்தது. அப்பாவுக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது கரித்தூள்தான். நஷ்டம் கண்ணெதிரே குவிந்து கிடக்கிறது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.

முன்பெல்லாம் கையில் சல்லடை வைத்துத்தான் கரியைச் சலித்தார்கள். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அப்பா ஒரு மிஷின் செய்துகொண்டுவந்தார். எங்கும் விலைக்கு வாங்கியதல்ல. பட்டறைத் தரையில் தாமே சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டி, கூடவே உட்கார்ந்து செய்ய வைத்தது. மூன்று தார் பீப்பாய்களின் அடியையும் மூடியையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று பொருத்தி, நீளமான ஒரே குழாயாக்கி, ஒரு மரச்சட்டத்தில் சாய்வாகப் படுக்க வைத்திருந்தது. முதல் பீப்பாய் முழுக்கத் துவரம்பருப்பு நுழைகிற ஓட்டைகள். இரண்டாவதில் நெல்லிக்காய் நுழைகிற ஓட்டைகள். மூன்றாவதில் எலுமிச்சம்பழம் நுழைகிறவை. மேல்பக்கம் கரியைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் மூன்றும் சேர்ந்து உருளும். உள்ளே கரி புரண்டு புரண்டு கீழே இறங்கும். முதல் பீப்பாயில் தூள் உதிர்ந்துவிடும். அடுத்ததில் பஸ் கரி விழும், அதற்கடுத்ததில் டீக்கடைக் கரி. எதிலும் நுழையாத கட்டிகள் கடைசியில் தடதடவென்று வெளியே வந்து விழும். அந்தச் சத்தம் கோயில் வரைக்கும் கேட்கும். ஊரில் சிலர் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். அப்பா அவர்களுக்கு மோர் கொடுத்து விளக்கம் சொல்வார். எங்கள் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் “படிக்குதுங்க” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

மிஷினைச் செய்தது அப்பா என்றாலும் அதைக் கட்டி மேய்த்தது அத்தைதான். அத்தை அப்பாவின் தங்கை. தாயும் தகப்பனும் போனபிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். கைப்பிடி சுற்றுவதற்கு ஆள் உண்டு. அத்தை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கரியோடு வரும் கல்லையும் சுள்ளியையும் பொறுக்கிக்கொண்டிருப்பாள். சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கையைத் தூக்குவாள். மிஷின் நிற்கும். ஏதோ ஓர் ஓட்டையில் துண்டு மாட்டியிருக்கும். கம்பியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் மறுபடி சுற்றவிடுவாள். அடைபட்ட ஓட்டை ஒன்றைக்கூட அவள் விட்டுவைத்து நான் பார்த்ததில்லை.

அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பார்ப்பார்கள். முந்தின நாளே புளியும் தேங்காய் நாரும் போட்டு ஆத்தா அவள் விரல்களைத் தேய்ப்பாள். தோல் உரியுமே தவிர நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு போகாது. என் ஆத்தாவுக்கும் அத்தைக்கும் அப்படியொன்றும் பெரிய ஒட்டுதல் கிடையாது. நாத்தனாரும் அண்ணன் பெண்டாட்டியும் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். இட்லிக்கு உப்புப் போட்டது யார் என்பதில் தொடங்கி நாலு நாள் பேசாமல் இருந்ததெல்லாம் உண்டு.

அப்படி இருக்கும்போதுதான் கொடும்பாளூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. நிலம், கிணறு, தோப்பு எல்லாம் இருந்தது. மாப்பிள்ளைக்கு அப்பாவைவிட வயது கூட இருக்கலாம். இரண்டு தடவை கல்யாணம் ஆகி, இரண்டு பேரும் இறந்துபோயிருந்தார்கள். அவரே ஒருநாள் நேரில் கிடங்குக்கு வந்தார். கையில் வெள்ளிப் பூண் போட்ட கம்பு. முக்காலியில் இருந்த அத்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

“மொத ரெண்டும் சீக்காளிங்க. பொறந்த வீட்டுக்குப் போறேன் போறேன்னு அழுதே செத்துச்சுக. இது தெம்பா இருக்கு, நின்னு உழைக்கும். ஆனா ஒண்ணு, கழுத்துல தாலி ஏறிட்டா இங்கிட்டு வரப்போக இருக்கக்கூடாது.”

தெம்பாக இருக்கிறாள் என்றது அத்தையைப் புகழ்ந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அவர் ஒரு கல்கண்டும் கொடுத்தார். போதாததற்கு, கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடை எடுத்துத் தருவதாக ஆத்தா முன்பே வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே எனக்கு மாப்பிள்ளையை மிகவும் பிடித்துப்போயிற்று.

அப்பாவுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. ஆனால் அந்த இடத்தைக் கொண்டுவந்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள். இதுவும் தட்டிப்போனால் உன் தங்கையைக் கரிக்குள்ளேயே வைத்துக் கிழவியாக்கிவிட்டாய் என்றுதான் நாலு பேர் சொல்வார்கள் என்று அவர்கள் அப்பாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். அப்பா வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரிங்க, விஜயதசமி அன்னைக்கு வந்து பூ வச்சுட்டுப் போங்க” என்றார். பூ வைத்துவிட்டால் முடிந்தது, பெண் அவர்கள் வீட்டுப் பெண். அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் அவரே நினைத்தாலும் அதைத் திரும்ப உள்ளே தள்ள முடியாது. அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வட்டிலில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். பித்தம் என்று ஆத்தா சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள்.

அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

விஜயதசமிக்கு முதல்நாள் ஆயுதபூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்கு மிஷின்தான் சாமி. பகல் முழுக்க அதைக் கழுவித் துடைத்தார்கள். மாலையில் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலையை அத்தை எடுத்துக்கொண்டாள். நான் கல்லில் சந்தனம் அரைத்துக் கொடுத்தேன். எவ்வளவு அரைத்தாலும் போதவில்லை. “இன்னும் கொஞ்சம் அரை புள்ள, கை நெறைய வேணும்” என்றாள். கொஞ்ச நேரம் பூசிப் பார்த்துவிட்டு, “இரும்புல ஒட்ட மாட்டேங்குது. ஒங்க ஆத்தாகிட்டப் போயி வடிகஞ்சி கொஞ்சம் வாங்கிட்டு வா” என்றாள்.

இந்த இடத்தில் எனக்குப் பயமாக இருந்தது. அரிசியும் ரேஷனில் இருந்த காலம். வடிகஞ்சி மாட்டுக்குப் போகவேண்டியது. அதில் ஒரு கரண்டி குறைந்தாலும் ஆத்தா பத்ரகாளி ஆகிவிடுவாள். தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆத்தா அடுப்படியில் குனிந்தபடியே கேட்டாள்.

“எதுக்காம்?”

“சந்தனம் மிஷின்ல ஒட்டணுமாம்.”

ஆத்தா நிமிர்ந்து வாசல் வழியாகக் கிடங்குப் பக்கம் பார்த்தாள். பிறகு கஞ்சிச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். இரண்டு கை அரிசி மாவை எடுத்து அதில் கரைத்து, கூழாகக் கொதிக்கிற வரைக்கும் கிண்டினாள். பட்டம் ஒட்டப் பசை கேட்டால் முதுகில் ஒன்று வைக்கிறவள் அவள். “இது கெட்டியாப் புடிக்கும்னு சொல்லு” என்று முழுச் சட்டியையும் துணியால் பிடித்துக் கொடுத்தாள். மாடு அன்று வெறும் வைக்கோலைத்தான் தின்றது.

அத்தை கஞ்சியில் சந்தனத்தைக் குழைத்து முதல் பீப்பாயை மெழுகினாள். ஓர் அங்குல இரும்பு தெரியாமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, இரண்டு தடவை, மூன்று தடவை. விரலால் அழுத்தி அழுத்திப் பூசினாள். அவ்வளவு பக்தி அவளுக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த இரண்டு பீப்பாய்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓட்டைகளை விட்டு விலகி, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் இரும்பு இருக்கிற இடமாகப் பார்த்து, சின்னச் சின்னப் பொட்டாக வைத்துக்கொண்டு போனாள். சந்தனம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கிண்ணத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. அதை எடுத்து என் கன்னத்தில் பூசிவிட்டாள்.

அப்பா வந்து பார்த்து மலைத்துப்போய் நின்றார். “அம்மன் மாதிரி இருக்கு” என்று கைகூப்பினார். பூஜை நடந்தது. பொரிகடலை கொடுத்தார்கள். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. யாரும் தொடவில்லை. சந்தனம் நன்றாகக் காய்ந்தது.

விஜயதசமியன்று காலையில் முதல் சலிப்பு எப்போதும் பஸ்ஸுக்கு. அத்தை அன்றைக்கு முக்காலிக்கு வரவில்லை. தலைக்குக் குளிக்க வைத்து உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அப்பா புது வேட்டியில் கரி படாமல் எட்டி நின்றுகொண்டு, “சுத்து” என்றார். கைப்பிடி சுழன்றது. கரி புரண்டது. அப்பா முதல் பீப்பாயின் அடியில் விரித்திருந்த சாக்கைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு கூடை கொட்டச் சொன்னார். அப்போதும் இல்லை. அவர் கண்கள் விரிந்தன.

“தூளே விழலடா!” என்று கத்தினார். “பாருங்கடா, விஜயதசமி ராசி! ஒரு கை தூளு விழல!”

ஆத்தா உட்பட எல்லோரையும் கூப்பிட்டுக் காலியாகக் கிடந்த சாக்கைக் காட்டினார். பஸ் கரிக் குவியல் மட்டும் வழக்கத்தைவிட உயரமாக இருந்தது. அதையும் லாபத்தில் சேர்த்துக்கொண்டார். ஆத்தா சாக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டிரைவர் பாய் பஸ்ஸோடு வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். கொடும்பாளூர்ப் பக்கம் போவதற்கு அந்த ஒரு பஸ்தான். இலுப்பூர் வழியாகப் போய்விட்டு, மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு அதுவே திரும்பி வரவேண்டும். போவதற்குப் பாய்லரில் பழைய கரி இருந்தது. வருவதற்குத்தான் இந்தக் கரி. “பொண்ணு வீட்டுக் கரியிலயே மாப்பிள்ளை வாராக” என்று பாய் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

வீட்டில் கேசரியும் வடையும் தயாராக இருந்தன. ஜமுக்காளம் விரித்திருந்தது. உச்சிக்குள் பூ வைத்துவிட வேண்டும், அதற்கப்புறம் நேரம் சரியில்லை. நான் வாசலில் நின்று பஸ் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பஸ் வரவில்லை. அப்பா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அத்தை உள்ளே மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை வராததால் அழப்போகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. உச்சி வந்தது, உச்சி சாய்ந்தது. என் பட்டுப் பாவாடையை நினைத்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு டிரைவர் பாய் மட்டும் வந்தார், ஒரு மாட்டு வண்டியில். தலையிலிருந்து கால் வரை கரி. வாசலிலேயே நின்றுகொண்டார்.

“அண்ணே, மன்னிச்சுக்கங்க. இலுப்பூரு தாண்டி மேட்டுல வண்டி மூச்சு முட்டி நின்னுபோச்சு. பாய்லரைத் தொறந்தா உள்ள பூராத் தூளு, களி மாதிரி அடைஞ்சு கெடக்கு.”

“தூளா?” என்றார் அப்பா. “மாப்பிள்ளை வீட்டுக்காரக?”

“சனமெல்லாம் எறங்கித் தள்ளுச்சு. மாப்பிள்ளை மட்டும் எறங்க மாட்டேன்னு குந்தியிருந்தாக. மத்தவுக விடுவாகளா? எறக்கிப்புட்டாக. எடம் இல்லாம அவுக போயி பாய்லர் பக்கமா நின்னு கைய வச்சாக. நான் உள்ள ஒரு குத்துக் குத்துனேன், அம்புட்டுத் தூளும் அவுக மேல வந்து கொட்டிருச்சு. பட்டு வேட்டி, மீசை, ஒண்ணு பாக்கியில்ல.” பாய்க்கு வாய் ஓரம் துடித்தது. பெரும்பாடுபட்டு அடக்கிக்கொண்டார். “அவுக சொல்லிவிட்டது என்னன்னா... சகுனம் சரியில்லையாம். இந்தப் பொண்ணும் வேணாம், இந்தச் சம்பந்தமும் வேணாமாம். கம்பால வண்டிய ஓங்கி ஒரு அடி அடிச்சுட்டு நடந்தே திரும்பிட்டாக.”

அப்பா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். அவர் இடிந்துபோய்விட்டார் என்று பயந்தேன். ஆனால் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அப்படி ஒரு மூச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மூட்டையை இறக்கி வைத்த ஆள் விடுகிற மூச்சு.

“வேணாம்னு அவுகதானே சொன்னாக?” என்று கேட்டார்.

“அவுகதான் சொன்னாக.”

“நாம ஒண்ணும் சொல்லலையே?”

“நீங்க எங்க சொன்னீக!”

“சரி, உள்ள வாங்க பாய். கேசரி ஆறுது.”

அன்று எங்கள் வீட்டில் நடந்தது போல ஒரு விருந்து அதற்குப் பிறகு நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்திருந்த அத்தனையையும் நாங்களே தின்றோம். அப்பா வட்டிலை வழித்துச் சாப்பிட்டார். பாய் தள்ளுமுள்ளுக் கதையை மறுபடி மறுபடி சொன்னார். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை மேல் விழுந்த தூள் கூடிக்கொண்டே போயிற்று. அடுப்படியில் ஆத்தாவும் அத்தையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, குலுங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் இருவரும் அழுகிறார்கள் என்று நினைத்து நானும் போய் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தை என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். அவள் முகம் ஈரமாக இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், துக்கம் தலைக்கேறிவிட்டது என்று முடிவு செய்தேன்.

அத்தைக்குப் பிற்பாடு ஆலங்குடியில் ஒரு சைக்கிள் கடைக்காரரோடு கல்யாணம் ஆயிற்று. அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் அப்பா வாக்குக் கொடுத்தார். அப்போது பஸ்கள் கரியை மறந்துவிட்டிருந்தன. என் பட்டுப் பாவாடையும் கிடைத்தது, ஆனால் அதற்குள் நான் தாவணிக்கு வந்திருந்தேன்.

நான் சொல்ல வந்தது மறுநாள் காலையை. கண் விழித்தபோது கிடங்கில் கரகரவென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அப்பா மிஷின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, ஓர் ஆணியால் முதல் பீப்பாயைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்து உதவி செய்யப் போனபோது, “நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்” என்று அனுப்பிவிட்டார். கஞ்சியும் சந்தனமும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஒவ்வோர் ஓட்டையாகக் குத்தி எடுத்தார். முதல் பீப்பாய் முடிந்ததும் இரண்டாவது பீப்பாய்க்கு நகர்ந்தார். அங்கே சுரண்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஓட்டைகளுக்கு நடுவில் வரிசையாக இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தடவிக்கொண்டே போனார். மூன்றாவதையும் அப்படியே தடவிப் பார்த்தார். பிறகு ஆணியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அத்தை வந்து எதிரில் நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேட்டியில் ஒட்டியிருந்த சந்தனத் துகளைத் தட்டிவிட்டார்.

“அடுத்த வருசம் சந்தனத்தைக் கொஞ்சமா வையி தாயி. பொட்டு வச்சாப் போதும்” என்றார்.

“சரிண்ணே” என்றாள் அத்தை.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவே எழுந்து போய்க் கைப்பிடியைச் சுற்றினார். தூள் பொலபொலவென்று சாக்கில் விழுந்தது. எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டில் ஒரு கல்யாணமே நின்றுபோயிருக்கிறது, இந்த மனிதருக்குச் சந்தனம் வீணாய்ப் போனதுதான் பெரிதாகத் தெரிகிறதே என்று.